தொள்ளாயிரத்து முப்பத்தாறு அறிவிப்புகள்

மேல் அம்புக்குறி விசையில் ஒரு தட்டு. முந்தின கட்டளை திரும்பி வந்தது. நான்கை அழித்து ஐந்து. கோப்பின் பெயரிலும் நான்கை அழித்து ஐந்து. என்டர். மறுபடி அம்புக்குறி. ஐந்தை அழித்து ஆறு. பெயரிலும் ஆறு. என்டர். பக்கத்தில் கிடந்த தாளில் ஒரு கோடு கிழித்தாள். இருபத்தேழு வண்டிகள் முடிந்திருந்தன. இன்னும் இருபத்தைந்து பாக்கி. அதுவும் வருகைக்கு மட்டும். புறப்பாடு தனி. ரத்து தனி. சுவர்க் கடிகாரத்தில் பத்து நாற்பது.

கதவைப் பாதி திறந்துகொண்டு பார்சல் பிரிவுக்காரர் தலையை நீட்டினார்.

"அக்கா, நாற்காலியத் துடைச்சு வச்சிட்டேன். ஜன்னல் பக்கம் போடவா, ஃபேன் பக்கம் போடவா?"

அவள் தாளில் எழுதித் தூக்கிக் காட்டினாள். 'உங்க தலை மேல போடுங்க.'

"பேசாம இருக்கும்போதே இந்த வாய். பேசினா என்ன ஆகும்?" சிரித்துக்கொண்டே தலையை இழுத்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. அவருடைய பிரிவில் ஆள் குறைவு. யாராவது வந்தால் மத்தியானம் அரை மணி நேரம் கண் அசரலாம் என்ற ஆசை மட்டும்தான்.

ஆனால் நாற்காலி விஷயம் வேடிக்கை இல்லை. முந்தின நாள் சாயங்காலம் மேல் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில் நான்கு வரிகள் இருந்தன. புதிய கால அட்டவணை பத்து நாள் முன்கூட்டியே, நாளை முதல் அமலுக்கு வருகிறது. எல்லா வண்டிகளின் எண்களும் மாறுகின்றன. அறிவிப்புகளின் தொடக்கத்தில் புதிய மணியோசை சேர்க்கப்பட வேண்டும். நிலையத்தின் அறிவிப்புகள் அனைத்தும் தயார் என்ற தகவல் இன்று மாலை ஐந்து மணிக்குள் வரவில்லையென்றால், வெளியிலிருந்து இயந்திரக் குரல் பொருத்தப்படும். அறிவிப்பாளர் பார்சல் பிரிவுக்கு மாற்றப்படுவார்.

அறிவிப்பாளர் என்பது அவள்தான். ஆறு மேடைகள் கொண்ட அந்த ரயில் நிலையத்தில் பத்தொன்பது வருடங்களாக அவள் குரல்தான் ஒலிக்கிறது. டிக்கெட் கொடுக்கத்தான் வேலைக்குச் சேர்ந்தாள். அப்போதிருந்த அறிவிப்பாளர் ஒருநாள் காய்ச்சல் என்று வராமல் போக, மைக் முன்னால் யாரை உட்கார வைப்பது என்று தெரியாமல் இவளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். காய்ச்சல்காரர் நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது அவருக்கு டிக்கெட் ஜன்னலைக் காட்டினார்கள். அன்றிலிருந்து அவள் மைக் அக்கா. கணவனைச் சந்தித்ததும் மைக்கால்தான், ஆனால் சொல்லிக்கொள்ளும்படியான கதை இல்லை. ஐந்தாவது மேடை என்பதற்குப் பதிலாக இரண்டாவது மேடை என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். வண்டியைத் தவறவிட்ட ஒரு பஸ் மெக்கானிக் மேலேறி வந்து அறைக் கதவைத் தட்டி, "யாருங்க அந்த மகராசி?" என்று கேட்டான். அரை மணி நேரம் சண்டை. அடுத்த வண்டிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

குரல் நன்றாக இருந்த காலத்திலேயே, பத்து வருடங்களுக்கு முன்னால், அதைத் துண்டு துண்டாகப் பதிவுசெய்து கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்கள். ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை 'இத்தனாம் எண் வண்டி' என்று தொண்ணூற்றொன்பது துண்டுகள். 'மேடை எண் ஒன்று' முதல் ஆறு வரை ஆறு துண்டுகள். 'வந்துகொண்டிருக்கிறது', 'புறப்படத் தயாராக உள்ளது', 'ரத்து செய்யப்பட்டுள்ளது' என்று மூன்று சேதிகள். தாமதத்துக்கென்று ஒரு வருத்தம். துண்டுகளை ஒட்டவைக்க ஒரு கட்டளை உண்டு. கறுப்புத் திரையில் எந்தெந்தத் துண்டு என்று வரிசையாகத் தட்டி, கடைசியில் பிறக்கப்போகும் கோப்புக்கு ஒரு பெயரும் வைத்தால், இயந்திரம் ஒட்டிக் கொடுத்துவிடும். பதினேழாம் எண் வண்டி, மேடை எண் நான்கு, வந்துகொண்டிருக்கிறது. பெயர்: பதினேழு கோடு நான்கு. அவ்வளவுதான்.

எந்த வண்டியும் எந்த மேடைக்கும் வரலாம். அதனால் ஒவ்வொரு வண்டிக்கும் ஆறு மேடை. ஒவ்வொரு மேடைக்கும் மூன்று சேதி. ரத்தான வண்டிக்கு மேடை எதற்கு என்று அவளும் கேட்டுப் பார்த்தாள். படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். ஐம்பத்திரண்டு வண்டி, ஆறு மேடை, மூன்று சேதி. தொள்ளாயிரத்து முப்பத்தாறு கட்டளைகள். அட்டவணை மாறும்போதெல்லாம் நான்கு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டுவாள். இந்தத் தடவை ஒன்பது மணி நேரம்தான். நிமிடத்துக்கு ஒன்று வீதம் போனால் ஐந்து மணிக்கு ஐந்நூற்று நாற்பது. கணக்கு காலையிலேயே தெரிந்திருந்தது. தெரிந்தும் தட்டிக்கொண்டிருந்தாள்.

மைக்கில் நேராகப் பேசிச் சமாளிக்கவும் வழியில்லை. தொண்டை டாக்டர் பத்து நாள் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி நான்காவது நாள் இது. கிசுகிசுப்பது அதைவிட மோசம் என்று வேறு சொல்லியிருந்தார். குரல்வளையில் இரண்டு கொப்புளம். கரையும், ஆனால் பழைய குரல் வருமா என்று கேட்டதற்கு அவர் பேனாவைத் திறந்து மூடினார். அப்படியென்றால் அந்தக் குரல் இனி இருக்கும் ஒரே இடம் இந்தக் கம்ப்யூட்டர்தான். நாளை இயந்திரக் குரல் வந்தால் துண்டுகளை அழித்துவிடுவார்கள். அவளைப் பார்சலில் உட்காரவைத்து மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டச் சொல்வார்கள். சீட்டு ஒட்டுவது கேவலம் இல்லை. ஆனால் மேலே ஒலிபெருக்கியில் வேறு யாரோ பேச, கீழே அவள் உட்கார்ந்து ஒட்டுவதா? நடக்காது.

இருபத்தெட்டாவது வண்டியின் முதல் கட்டளையை அடிக்கும்போதுதான் கை நின்றது. என்ன செய்துகொண்டிருக்கிறோம்? ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. ஒன்று, இரண்டு, மூன்று. இதை எண்ணத் தெரியாத ஜடமா இந்தக் கம்ப்யூட்டர்?

மேஜையின் அடி இழுப்பறையைக் கவிழ்த்தாள். ரப்பர் வளையங்கள், காலாவதியான பாஸ்கள், ஒரு சீப்பு. எல்லாவற்றுக்கும் அடியில் ஆறு வருடங்களுக்கு முன்னால் இரண்டு நாள் பயிற்சியில் கொடுத்த தாள்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு சின்ன உதாரணம். ஃபார் என்று தொடங்கி, ஒன்று முதல் பத்து வரை என்று சொல்லி, டூ என்று திறந்து, வணக்கம் என்று அச்சடிக்கச் சொல்லி, டன் என்று மூடியது. அதை ஓட்டினால் திரையில் பத்து வணக்கம் வரும். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். பத்து வணக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவள்தான் சத்தமாகக் கேட்டாள். பயிற்சியாளருக்கு முகம் விழுந்துவிட்டது. பாவம், அந்த மனிதரிடம் யாராவது மன்னிப்புக் கேட்க வேண்டும்.

வணக்கம் இருந்த இடத்தில் ஒட்டும் கட்டளையை வைத்தாள். மேடை எண் வரவேண்டிய இடத்தில் எண்ணை எழுதாமல், டாலர் குறி போட்டு 'மேடை' என்ற பெயரை வைத்தாள். அந்த இடத்தை இயந்திரமே ஒவ்வொரு எண்ணாக நிரப்பிக்கொள்ளும். கோப்பின் பெயரிலும் அதே. ஒன்று முதல் ஆறு வரை. என்டர்.

ஒன்றும் நடக்கவில்லை. திரையின் ஓரத்தில் ஒரு கூர்முனைக் குறி மட்டும் வந்து நின்றது. இன்னொரு என்டர். இன்னொரு கூர்முனை. ம், அப்புறம்? ம், அப்புறம்? என்று கதை கேட்கிற மாதிரி. தாளைப் பார்த்தாள். டன் போடவில்லை. போட்டாள்.

ஆறு கோப்புகள் வந்து விழுந்தன.

ஆறு. கண் இமைக்கும் நேரத்தில் என்று சொல்வார்களே, நிஜமாகவே அவள் இமைக்கவில்லை. ஹெட்ஃபோனை மாட்டி ஒவ்வொன்றாகக் கேட்டாள். மணியோசை. அவள் குரல். மேடை எண் ஒன்று. மேடை எண் இரண்டு. ஆறு வரைக்கும். நாற்காலியிலிருந்து எழுந்து அறைக்குள் ஒரு சுற்று சுற்றி வந்து உட்கார்ந்தாள். சத்தம் போட முடியாத சந்தோஷம் உடம்புக்குள் எங்கே போவது என்று தெரியாமல் முழங்காலுக்கு இறங்கிற்று. கால் ஆடிக்கொண்டே இருந்தது.

போன் அதிர்ந்தது. கணவன். இந்த நான்கு நாட்களில் அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு வந்திருந்தது. அவன் பேசுவான், அவள் போனை நகத்தால் தட்டுவாள். ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை.

"சாப்பிட்டியா?"

இரண்டு தட்டு.

"மணி பன்னெண்டு ஆகப்போவுது. முடிஞ்சிருமா அது?"

டொக்டொக்டொக்டொக்டொக்டொக்.

"என்னது, தந்தி அடிக்கிறியா? ஆமாவா இல்லையா?"

டொக்டொக்டொக்டொக்.

"ஏய், அழுவுறியா சிரிக்கிறியா, அதையாவது சொல்லு. அழுதா ஒண்ணு, சிரிச்சா ரெண்டு."

இரண்டு தட்டு.

"அப்ப சரி. நான் இங்க ஒரு பஸ்ஸுக்கு அடியில படுத்துக்கிட்டு இருக்கேன். மூஞ்சியில ஆயில் சொட்டுது. வச்சிடறேன். சாப்பிடு."

சாப்பிடவில்லை. ஆறு மேடைக்கு ஒரு லூப் ஆயிற்று, பயிற்சித் தாள் இந்தச் சுழற்சிக்கு வைத்திருந்த பெயர் அது. ஆனால் ஐம்பத்திரண்டு வண்டிக்கு, வண்டி எண்ணை மாற்றி மாற்றி ஐம்பத்திரண்டு தடவை அதே லூப்பை ஓட்ட வேண்டும். அதுவும் எண்ணுகிற வேலைதானே? அதற்கும் ஒரு ஃபார் போட்டால் என்ன? எங்கே போடுவது? முன்னாலா, பின்னாலா?

ஜன்னலுக்குக் கீழே மாஸ்டர் போய்க்கொண்டிருந்தார். நிலைய அதிகாரி, எல்லோருக்கும் மாஸ்டர். தினமும் அந்த நேரத்தில் விளக்குகளைச் சரிபார்க்கப் புறப்படுவார். முதல் மேடைக்குப் போய், அந்த மேடையின் விளக்குகளை முதலிலிருந்து கடைசி வரை விரல்நீட்டி எண்ணுவார். பிறகு படியேறி இரண்டாவது மேடைக்கு இறங்குவார். மறுபடி முதல் விளக்கிலிருந்து. ஒரு மேடைக்குள் எல்லா விளக்கும் முடியாமல் அடுத்த மேடைக்குப் போகமாட்டார். மனிதர் தலைபோகிற அவசரத்திலும் அதை மாற்றியதில்லை. அவள் பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறாள்.

மேடை வெளியே. விளக்கு உள்ளே.

வண்டி வெளியே. மேடை உள்ளே!

ஒரு லூப்புக்குள் இன்னொரு லூப். வெளியே இருப்பது ஒரு அடி எடுத்துவைத்தால், உள்ளே இருப்பது முழுச் சுற்று சுற்றி முடிக்க வேண்டும். அது முடிந்த பிறகுதான் வெளியே இருப்பதற்கு அடுத்த அடி. ஐம்பத்திரண்டு எண்களை ஒரு கோப்பில் எழுதிவைத்தாள். முதல் ஃபார் அந்தப் பட்டியலிலிருந்து ஒவ்வொரு வண்டியாக எடுக்கட்டும். அதன் வயிற்றுக்குள் இரண்டாவது ஃபார், ஒன்று முதல் ஆறு. அதற்குள் கட்டளை. இந்தத் தடவை டன் மறக்கவில்லை. ஆனால் ஒன்றுதான் போட்டாள். இயந்திரம் மறுபடி கூர்முனையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. சரிதான். இரண்டு பேர் வாயைத் திறந்தால் இரண்டு பேரும் மூட வேண்டும். உள்ளே திறந்தது முதலில் மூடும், வெளியே திறந்தது கடைசியில். இன்னொரு டன்.

நேராக ஐம்பத்திரண்டுக்கும் விட்டுவிடவில்லை. பட்டியலில் முதல் இரண்டு வண்டி மட்டும். பன்னிரண்டு கோப்புகள். கேட்டாள். சரி. பிறகுதான் முழுப் பட்டியலையும் கொடுத்தாள். பழைய கம்ப்யூட்டர், காற்றாடி இரைந்தது. கோப்புப் பெயர்கள் திரையின் மேல்நோக்கி ஓடின, பிளாட்பாரத்தில் நிற்காத விரைவு வண்டியின் ஜன்னல்கள் மாதிரி, ஒன்றையும் படிக்க முடியவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு. வருகை முழுவதும் முடிந்தது. காலை முழுக்கத் தட்டிய நூற்று அறுபத்திரண்டும் அதற்குள் அடக்கம்.

அந்த இடத்தில் அவள் நிறுத்தியிருக்கலாம். சேதி ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டரில் ஃபோல்டர் என்கிற தனித்தனிப் பெட்டி உண்டு. இதுவரை வருகைப் பெட்டிக்குள் போய் ஓட்டியிருந்தாள். அதேபோலச் சேதியை மாற்றிப் புறப்பாட்டுப் பெட்டிக்குள் போய் ஒரு தடவை, ரத்துப் பெட்டிக்குள் போய் ஒரு தடவை ஓட்டியிருந்தால் இரண்டு நிமிடத்தில் கதை முடிந்தது. ஆனால் இரண்டு லூப் பின்னத் தெரிந்த கை சும்மா இருக்குமா? மூன்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிட வேண்டும் என்று தினவெடுத்துவிட்டது. செய்ததையெல்லாம் அழித்தாள். 'புதுசு' என்று ஒரே பெட்டி. வண்டி வெளியே, அதற்குள் மேடை, அதற்குள் சேதி. வருகை, புறப்பாடு, ரத்து. மூன்று ஃபார், மூன்று டன். எல்லாவற்றையும், கட்டளைகளை வரிசையாக வைத்துக்கொள்ளும் ஒரு ஸ்கிரிப்ட் கோப்பில் எழுதிச் சேமித்தாள். முழு வேலையும் ஒன்பது வரி. ஒன்பதே வரி! நான்கு நாள் வேலை, உள்ளங்கை அகலத்துக்கு.

ஓட்டினாள். காற்றாடி கதறிற்று. பெயர்கள் பறந்தன. மூன்று நிமிடத்துக்குள் நின்றுவிட்டது. மணி மூன்று. அவள் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி விரித்தாள். அந்த நிலையில்தான் மாஸ்டர் உள்ளே வந்தார்.

"என்னம்மா, கையத் தூக்கிட்ட? முடியாதுன்னா சொல்லிரு. மேலே நான் எழுதிடறேன்."

அவள் பேனாவைத் தேடி எழுதினாள். 'முடிஞ்சிருச்சு சார்.'

"எது?"

'எல்லாம்.'

மாஸ்டர் அந்தத் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "ஏம்மா, மூணு நாள் முன்னாடி தொண்டைக்குத்தானே மருந்து குடுத்தாங்க?"

அவள் திரையைக் காட்டினாள். பெட்டி நிறையப் பெயர்கள். மாஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்தார். "அட! நிஜமாவா! எங்க, ஒண்ணு போடு பார்ப்போம்." சொன்னவர் அவள் போடுவதற்குக் காத்திருக்கவில்லை. எட்டி மௌஸைப் பிடித்து, கண்ணில் பட்ட பெயரை அமுக்கினார். பதினேழு கோடு நான்கு.

ஒலிபெருக்கியின் திருகு குமிழ் 'அறை' என்ற பக்கத்தில் இல்லை, 'மேடைகள்' என்ற பக்கத்தில் இருந்தது. அவள் இரண்டு கைகளையும் வேகமாக ஆட்டினாள். தன்னடக்கம் என்று நினைத்து மாஸ்டர் சிரித்தார்.

ஆறு மேடையிலும் புது மணி ஒலித்தது. பிறகு அவள் குரல், பத்து வருடத்துக்கு முந்தின குரல், தெளிவாக, கனிவாக, அவசரமே இல்லாமல் சொன்னது.

"பதினேழாம் எண் வண்டி. மேடை எண் நான்கு. ரத்து செய்யப்பட்டுள்ளது."

நாளையிலிருந்து பதினேழு என்பது வேறொரு வண்டி. ஆனால் இன்னும் நாளை ஆகவில்லை. இன்றைய பதினேழு மூன்று பதினைந்துக்கு வரும் அலுவலக வண்டி. நான்காவது மேடையில் முந்நூறு நானூறு பேர் நின்றிருந்தார்கள். முதலில் ஒரு ஓ. பிறகு மேடை முழுவதும் படிக்கட்டை நோக்கிச் சாய்ந்தது.

"ஐயோ, இது என்னம்மா?" மாஸ்டரின் கை மௌஸிலிருந்து சுட்டதுபோல விலகிற்று. மைக்கைப் பிடித்தார். அவருக்கு மைக் ஆகாது. வீட்டில், அலுவலகத்தில் வெண்கலம் மாதிரி இருக்கும் குரல் மைக் முன்னால் கீச்சென்று ஆகிவிடும். "பயணிகள் கவனத்துக்கு. இப்ப சொன்ன ரத்து... அதாவது அந்த ரத்து வந்து... ரத்து. ரத்து ரத்து செய்யப்படுகிறது. வண்டி உண்டு. யாரும் ஓட வேண்டாம்."

ஓடினார்கள். ஜன்னல் வழியாக அவர்கள் பேசுவது கேட்டது.

"யாரோ மைக்கப் புடிச்சு விளையாடுறான்யா."

"அந்தம்மா ரத்துன்னுதானே சொல்லுச்சு?"

"அந்தம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும். வா, பணத்தத் திருப்பிக் கேப்போம்."

பார்சல்காரர் படியேறி ஓடிவந்தார். "என்ன சார் நடக்குது? டிக்கெட் ஜன்னல உடைச்சிருவாங்க போல இருக்கு! அக்கா, ஒரே ஒரு வார்த்தை சொல்லிருங்கக்கா. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

மாஸ்டர் மைக்கை அவள் பக்கம் நகர்த்தினார். டாக்டர் சொன்னது அவருக்கும் தெரியும். நகர்த்திவிட்டு மறுபடி தன் பக்கமே இழுத்துக்கொண்டார்.

அவள் மைக்கைப் பார்க்கவே இல்லை. கறுப்புத் திரையில் தட்டிக்கொண்டிருந்தாள். லூப் இல்லை, ஒன்றும் இல்லை. பழையபடி, கையால், ஒரே ஒரு கட்டளை. இல்லை என்ற சொல் அவளுடைய துண்டுகளில் கிடையாது. தவறு என்ற சொல்லும் கிடையாது. இருப்பதை வைத்துத்தான் சொல்ல வேண்டும். மணியோசை, பதினேழாம் எண் வண்டி, மேடை எண் நான்கு, வந்துகொண்டிருக்கிறது. அதற்குப் பின்னால், தாமதத்துக்கென்று எப்போதோ பதிவுசெய்த அந்த வருத்தம். விரல் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. என்டர்.

"பதினேழாம் எண் வண்டி. மேடை எண் நான்கு. வந்துகொண்டிருக்கிறது. தடங்கலுக்கு வருந்துகிறோம்."

படிக்கட்டில் கூட்டம் நின்றது. அவள் இன்னொரு தடவை போட்டாள். இன்னொரு தடவை.

"பாத்தியா, அந்தம்மாவே சொல்லிட்டாங்க."

"முதல்லயே ஒழுங்கா சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

திட்டிக்கொண்டே திரும்பி இறங்கினார்கள். மூன்று பதினாறுக்கு வண்டி வந்தது. மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியால் விசிறிக்கொண்டார்.

"ஒரு அமுக்கு. ஒரே ஒரு அமுக்குதாம்மா அமுக்கினேன்."

பார்சல்காரர் மெதுவாகக் கேட்டார். "அப்ப மத்ததெல்லாம்?"

அதைத்தான் அவளும் யோசித்துக்கொண்டிருந்தாள். குமிழை அறைப் பக்கம் திருப்பிவிட்டு இன்னொரு கோப்பைப் போட்டாள். ரத்து. இன்னொன்று. ரத்து. நாற்பத்தொன்று, மூன்றாவது மேடை: ரத்து. எண்பத்தெட்டு, முதல் மேடை: ரத்து. எதைத் தொட்டாலும் ரத்து. ஒரு ரயில்கூட ஓடாத ரயில்வேயை ஒன்பது வரியில் உண்டாக்கியிருந்தாள்.

"முடிஞ்சுது," என்றார் மாஸ்டர். "மணி மூணரை. நான் மேலே சொல்லிடறேன்."

அவள் கையை நீட்டி அவரைத் தடுத்தாள். பெட்டியில் எத்தனை கோப்பு என்று எண்ணச் சொன்னாள். முந்நூற்றுப் பன்னிரண்டு. தொள்ளாயிரத்து முப்பத்தாறு இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. ஓட்டி முடித்தவுடனே இதை எண்ணியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

மீதி எங்கே போயிற்று? மூன்று நிமிடம் ஓடியதே. ஒன்றும் செய்யாமலா ஓடிற்று?

ஒன்பது வரியையும் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். லூப்பில் குற்றமில்லை. கட்டளையில் குற்றமில்லை. கடைசியில் கோப்பின் பெயர். வண்டி, கோடு, மேடை. பதினேழு கோடு நான்கு. பத்து வருடமாக வைக்கிற பெயர். பத்து வருடமாக அது போதுமாக இருந்தது. ஏனென்றால் பெட்டியே சேதியைச் சொல்லிவிடும். வருகைப் பெட்டிக்குள் இருந்தால் வருகை, ரத்துப் பெட்டிக்குள் இருந்தால் ரத்து. இன்றைக்கு ஒரே பெட்டி. பதினேழு கோடு நான்கு என்று வருகையைச் செய்து வைத்தது இயந்திரம். உடனே அதே பெயரில் புறப்பாட்டைச் செய்து அதன் மேலேயே வைத்தது. அதன் மேலேயே ரத்து. ஒரே நாற்காலியில் மூன்று பேரை உட்காரச் சொன்னால் கடைசியில் உட்கார்ந்தவன் மட்டும்தான் தெரிவான். கீழே இருந்தவர்கள் நசுங்கினார்கள். தொள்ளாயிரத்து முப்பத்தாறும் பிறந்தன. அறுநூற்று இருபத்துநான்கு உடனுக்குடன் செத்தன.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமில்லாத சிரிப்பு, தோள் குலுங்க. இரண்டு ஆண்களும் பயந்துபோய்ப் பார்த்தார்கள்.

"சார், அக்காவ வீட்டுக்கு அனுப்பிருவோம்."

"இரும்மா, தண்ணி குடி."

அவள் தாளை இழுத்து எழுதினாள். 'பேரு பத்தல சார். பேரு மட்டும்தான்.' அவர்களுக்குப் புரியவில்லை. புரியவைக்க நேரமும் இல்லை. ஒன்பது வரியில் ஒரு வரி, அந்த வரியில் கடைசி இடம். வண்டி கோடு மேடை. இன்னொரு கோடு. டாலர் குறி. சேதி.

புதுசு பெட்டியைக் காலி செய்தாள். இந்தத் தடவை பட்டியலில் ஒரே ஒரு வண்டி. பதினெட்டு கோப்பு வர வேண்டும். எண்ணினாள். பதினெட்டு. ஹெட்ஃபோனில் பதினெட்டையும் கேட்டாள். வருகிறது, புறப்படுகிறது, ரத்து. வருகிறது, புறப்படுகிறது, ரத்து. பிறகு ஐம்பத்திரண்டும்.

மூன்று பேரும் திரையைப் பார்த்து நின்றார்கள். பெயர்கள் மேலே மேலே போய்க்கொண்டிருந்தன. கம்ப்யூட்டர் என்றாலே டிக்கெட் அடிக்க மட்டும்தான் என்று நினைத்திருந்த பார்சல்காரர் வாயைப் பிளந்தார்.

"இதெல்லாம் அதுவே தட்டுதாக்கா?"

ஒரு தலையாட்டல்.

"நீங்க சும்மா நிக்கிறீங்க?"

இன்னொரு தலையாட்டல்.

"அப்ப சீட்டு ஒட்டுறதுக்கும் இப்படி ஏதாவது..."

"சும்மா இருய்யா," என்றார் மாஸ்டர். "எண்ணிக்கிட்டிருக்கேன்." அவர் உண்மையாகவே விரல்நீட்டி, ஓடுகிற பெயர்களை எண்ண முயன்றுகொண்டிருந்தார்.

நின்றது. எண்ணச் சொன்னாள். திரையில் ஒற்றை வரியாக வந்தது. 936.

கையைத் தூக்கவில்லை. முதலில் குமிழ் அறைப் பக்கம்தானா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக நாற்பது கோப்புகளைப் போட்டுக் கேட்டாள். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். நாற்பதும் சரி. மேல் அலுவலகத்துக்கு நான்கு நாற்பதுக்குத் தகவல் போயிற்று. நான்கு ஐம்பத்திரண்டுக்குப் பதில் வந்தது. 'பெறப்பட்டது. வெளிக் குரல் தேவையில்லை. தற்போதைய ஏற்பாடு தொடரும்.'

மாஸ்டர் அதை இரண்டு தடவை உரக்கப் படித்தார். அவள் போனை எடுத்துக் கணவனை அழைத்தாள். அவன் எடுத்ததும் நகத்தால் ஒரே ஒரு தட்டு தட்டினாள்.

"ஆமாவா? எல்லாமேவா?"

ஒரு தட்டு.

"தொள்ளாயிரமுமா?"

அவள் தட்டத் தொடங்கினாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். முப்பதைத் தாண்டியபோது, "போதும்டி, நம்புறேன்," என்றான்.

மறுநாள் காலை நான்கு ஐந்துக்கு, முதல் வண்டியோடு, புதிய அட்டவணை அமலுக்கு வந்தது. அவள் எட்டு மணிக்கு வேலைக்கு வந்தாள். அன்று நூற்று ஒன்பது அறிவிப்புகள் ஒலிபரப்பாயின. ரத்து ஒன்றும் இல்லை. புது மணியோசை சத்தமாக இருப்பதாக இரண்டு பேர் புகார் எழுதினார்கள். பதினொரு மணிக்கு அவள் மணியோசையைக் குறைத்து ஸ்கிரிப்ட்டை மறுபடி ஓட்டினாள். மூன்று நிமிடம் ஆயிற்று. கோப்புகளை எண்ணினாள். ஒன்றரை மணிக்குச் சாப்பிட்டாள். மத்தியானம் வேலை ஒன்றும் இல்லாததால் இழுப்பறையைச் சுத்தம் செய்தாள். ஐந்தரைக்கு வீட்டுக்குப் போனாள். பேசாமல் இருக்க வேண்டிய நாட்கள் இன்னும் ஐந்து இருந்தன.